நான்காம் பாத்தியில் இறங்கிய நண்டுப்பூதம்

இந்த மாதிரிப் படங்களில் முதலில் மீன்தான் செத்து மிதக்கும். அதைப் பார்ப்பவன் ஒரு தொழிலாளியாகவோ வலை போட வந்தவனாகவோ இருப்பான். அவன் போய்ச் சொல்வான், யாரும் கேட்கமாட்டார்கள். படம் தொடங்கி இருபது நிமிடத்துக்குள் பூதம் அவனை அடித்துப் போட்டுவிடும். பிறகு கண்ணாடி போட்ட ஒரு விஞ்ஞானி வருவார், அவர் சொல்வதையும் யாரும் கேட்கமாட்டார்கள். கடைசியில் பூதம் கம்பெனி முதலாளியைத் தின்னும், போலீஸ் பூதத்தைச் சுடும், கழிவுக் குழாயை மூடிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள்.

நான் இந்தப் படங்களைப் பார்த்தே வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேபிளில் தமிழில் பேசவைத்துப் போடுவார்கள். ராட்சச எறும்பு, ராட்சசத் தவளை, சாக்கடையில் வளர்ந்து ஆளை விழுங்குகிற புழு. பூதத்தின் முதுகில் ஜிப் தெரியும். இடிந்து விழுகிற கட்டடம் அட்டைப்பெட்டி என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கதாநாயகி ஓடும்போது ஒரே மரத்தை நான்கு முறை தாண்டுவாள். எதுவும் எனக்குக் குறையாகப் படவில்லை. தண்ணீரைக் கெடுத்தவனைத் தேடிக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள்ளிருந்தே ஒன்று எழுந்து வருகிறது பாருங்கள், அதற்காகவே பார்த்தேன். நாற்பத்தைந்து வயதாகியும் இந்தப் புத்தி மாறவில்லை. என் மனைவி இதற்காக என்னைக் கேலி செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வதோடு சரி.

மரக்காணத்து உப்பங்கழியிலும் மீன் செத்து மிதந்தது. நானும் போய்ச் சொன்னேன். படத்தில் வருகிற மாதிரியே யாரும் கேட்கவில்லை. அதற்கு மேல் படத்தில் வருகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை.

எனக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. டைப் அடிப்பது, மனு எழுதுவது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது எல்லாம் உண்டு. உப்பளம் என் அக்காவுடையது. மாமா இறந்த பிறகு நான்கு பாத்திகளையும் அவளே பார்த்துக்கொள்கிறாள். காலையில் நானும் போய் இரண்டு மணி நேரம் உப்பு வாரிக் கொடுத்துவிட்டு, குளித்துவிட்டுக் கடை திறப்பேன். உள்ளே தள்ளி அளம் வைத்திருப்பவர்கள் கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீர் எடுப்பார்கள். அக்காவின் பாத்திகள் ஓரத்தில் இருப்பவை, கிணறு கிடையாது. கழியிலிருந்து வருகிற வாய்க்கால்தான். வாய்க்காலுக்கும் பாத்திக்கும் நடுவே ஒரு சின்ன மதகு, அதில் ஒரு மரப்பலகை. பலகையைத் தூக்கினால் தண்ணீர் வரும், வெயில் காயும், உப்பு விளையும். அவ்வளவுதான் அவள் பிழைப்பு.

அந்த வாய்க்காலின் மேல்பக்கத்தில் இறால் குட்டைகள் வந்தன. யாருடையவை என்று எழுதப்போவதில்லை, எழுதிப் பட்டது போதும். குட்டையைக் காலி செய்யும்போதெல்லாம் அந்தத் தண்ணீரை ஒரு குழாய் வழியாக வாய்க்காலில் விட்டார்கள். முதலில் மீன் மிதந்தது. பிறகு, வாய்க்காலை ஒட்டிப் பள்ளத்தில் கிடக்கிற எங்கள் நான்காம் பாத்தியில் உப்பு உறையவில்லை. சேறும் பிசினுமாக ஏதோ ஒன்று படிந்தது, பழுப்பு நிறத்தில், அழுகிய முட்டை நாற்றத்தோடு. அதில் நின்று வேலை பார்த்த அக்காவுக்குக் கணுக்காலைச் சுற்றிக் கொப்புளம் வந்தது. அது உடைந்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷமே நான்காம் பாத்தியைக் கைவிட்டாள். மிச்சம் மூன்று. அதே வாய்க்கால்தான் அந்த மூன்றுக்கும். அவையும் போய்விட்டால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவளை வேறு வேலைக்கு யார் கூப்பிடப்போகிறார்கள்?

நான் அதிகாரிகளுக்கு மனு எழுதினேன். மனு எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. பொத்தாம்பொதுவாக எழுதினால் குப்பைக்குப் போகும், இடத்தைக் குறித்துக் காட்டி எழுதுங்கள் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவன். அதனால் ஒவ்வொரு மனுவிலும் 'மேற்படி உப்பளத்தின் நான்காம் பாத்தி' என்று தடித்த எழுத்தில் அடித்தேன். போட்டோ எடுத்து இணைத்தேன். நேரில் வந்து அந்தப் பாத்தியின் தண்ணீரைச் சோதிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொண்டேன். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டைகள் மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தன.

"இன்னாடா, வந்தானுங்களா?" என்று அக்கா வாரம் ஒருமுறை கேட்பாள்.

"வருவாங்கக்கா."

"நீ சொல்றதப் பாத்தா கல்யாணத்துக்கு வர்றவங்க மாதிரி இருக்குது."

அந்த நிலைமையில்தான் ஒரு பங்குனி மாதம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். சினிமாக்காரர்கள் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வேன், ஒன்பது பேர், ஒரு கேமரா. டைரக்டர் சென்னைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், பாதி தாடி நரைத்துவிட்டது. ஏதோ கடிதங்களை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தார். காகிதத்தை மெஷினில் வைக்கும்போது என் கண் தானாக ஓடியது. 'ரசாயனக் கழிவால் உருமாறிய ராட்சச நண்டு' என்று இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சார், நண்டு பெருசாவுதா, இல்ல ஆளு நண்டா மாறுறானா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதுவரை அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் மரியாதையோடு கேட்டதில்லையாம், பிறகு சொன்னார்.

"ஆளுதாண்ணே மாறுறான். கெமிக்கல் கம்பெனி வாட்ச்மேன். உண்மைய சொல்லிடுவான்னு தண்ணியில தள்ளி விட்டுடறாங்க."

"கடைசில முதலாளிய திங்குமா?"

"திங்கும்ணே."

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வெள்ளை வெளேரென்று ஒரு பாழ்வெளி வேண்டும், நடுவில் விஷத் தண்ணீர் தேங்கிக் கிடக்க வேண்டும், அதற்குள்ளிருந்து நண்டு எழுந்து வர வேண்டும், அப்படி ஒரு இடம் தெரியுமா என்று கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் அளத்தில் எடுங்கள் என்று சொன்னேன்.

சினிமா ஆசையில் மட்டும் சொல்லவில்லை. மனுவால் ஆகாதது படத்தால் ஆகும் என்று நினைத்தேன். திரையில் நாலு பேர் பார்த்தால் அந்தத் தண்ணீரைப் பற்றி நாலு பேர் பேசுவார்கள், பேச்சு எங்கேயாவது போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டேன். இப்போது நினைத்தால் என் மண்டையில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய கவலை பாத்தி மிதிப்பு. பொங்கல் முடிந்ததும் உப்பளத்தில் செய்கிற முதல் வேலை அது. மழைக்காலத்தில் ஊறிக் கிடந்த தரையைக் காயவிட்டு, ஐந்தாறு பேர் வரிசையாக நின்று, வெறுங்காலால் ஊன்றி ஊன்றி நாள் கணக்கில் மிதிப்பார்கள். தரை சிமெண்டு போட்ட மாதிரி இறுக வேண்டும். அப்படி மிதித்த பாத்தியில் அதற்குப் பிறகு வெளியாள் கால் படக்கூடாது. செருப்புப் போட்ட ஒருவன் நாலு எட்டு ஓடினால் போதும், தரை கீறிக்கொண்டு உப்பில் சேறு ஏறிவிடும். எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் வரப்பில் நிறுத்தித்தான் பேசுவார்கள்.

"மிதிச்ச பாத்தியில எவனும் கால் வெக்கக் கூடாது. வேணும்னா அந்தச் செத்துப் போன பாத்தியில எடுத்துக்கட்டும்" என்றாள் அக்கா.

அளத்தில் பிறந்த யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நான்காம் பாத்தி எதற்கும் உதவாமல் கிடக்கிறது, எவ்வளவு மிதிபட்டாலும் நஷ்டம் இல்லை. எங்கள் பக்கத்துக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பாத்திதான் என்பது, தடித்த எழுத்தில் அதை அத்தனை முறை அடித்த எனக்கே அப்போது தோன்றவில்லை.

நண்டு உடுப்பைச் செய்தவர் ஆரோவில் பக்கத்துக் கிராமத்துக்காரர். மெத்தைக்குள் வைக்கிற ஸ்பாஞ்சு, சைக்கிள் டியூப், பிளம்பிங் குழாய், அதற்கு மேல் ரப்பர் பால் பூசிச் சிவப்பு பெயிண்டு. ஒரு கொடுக்கு பெரியது, ஒரு கொடுக்கு சிறியது. கிட்டே போய்ப் பார்த்தால் பழைய சோபா எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பயமாகத்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொள்வதற்கென்று ஒரு ஸ்டண்ட் ஆளைக் கூட்டி வந்திருந்தார்கள். நல்ல கட்டுமஸ்தான உடம்பு. நான்காம் பாத்தியில் இறங்கி மூன்றாவது அடியில் மல்லாக்க விழுந்தார். எழுந்தார், குப்புற விழுந்தார். அளத்துச் சேற்றில் நடப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. கால் விரல்களை முதலில் ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து, பின்காலைத் தூக்காமல் இழுத்துக்கொண்டு போக வேண்டும். எங்களுக்கு அது சின்ன வயதுப் பழக்கம், அவருக்கு எப்படி வரும்? மத்தியானத்துக்குள் முழங்கை பிசகி வேனில் போய்ப் படுத்துவிட்டார்.

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் கைலியை மடித்துக் கட்டினேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த பூதத்துக்குள் இப்போது நானே நின்றேன். உள்ளே ஒரே வேக்காடு. வாய் இருக்கிற இடத்து ஓட்டை வழியாகத்தான் வெளியே தெரியும். ரப்பர் நாற்றமும் பாத்தி நாற்றமும் சேர்ந்து குமட்டியது. ஆனால் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. "ரெடி, ஆக்‌ஷன்" என்றதும் கொடுக்கை உயர்த்தி உறுமினேன். உறுமல் பிறகு ஸ்டூடியோவில் சேர்த்துக்கொள்வார்கள், நீங்கள் கத்த வேண்டாம் என்று சொன்ன பிறகும் உறுமினேன். வரப்பில் நின்ற அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் காலையில் ஒரு டிரம்மில் துணி சோப்புத் தூளையும் பச்சைச் சாயத்தையும் கரைத்தார்கள். பாத்தித் தண்ணீரில் ஊற்றிக் கலக்கி நுரை எழுப்பப் போவதாகச் சொன்னார்கள்.

"ஏம்பா, அதுவே கெட்ட தண்ணிதானே? அதுல போயி எதுக்கு இன்னும் கலக்குறீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"கேமராவுல தெரிய மாட்டேங்குதுக்கா. பாக்க சாதாத் தண்ணி மாதிரியே இருக்குது" என்றார் டைரக்டர்.

அவர் சொன்னது உண்மை. மானிட்டரில் நானும் பார்த்தேன். அக்காவின் காலைப் புண்ணாக்கிய தண்ணீர் அதில் வானத்தின் நீலத்தோடு அழகாகத் தெரிந்தது. சரி, தெரிய வேண்டியது தெரியட்டும் என்று டிரம்மின் ஒரு பக்கத்தை நானே பிடித்து இறக்கினேன். பச்சை நுரை முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. வாய்க்கால் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த செத்த மீன்களைப் பொறுக்கி வந்து அதன் மேல் பரப்பினார்கள். அந்த மீன்கள் மட்டும் நிஜம்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களில் யாரோ அதை செல்போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதில் நண்டும் இல்லை, கேமராவும் இல்லை. பச்சை நுரையும் மீனும் மட்டும்தான். மேலே 'மரக்காணம் உப்பளத்தில் விஷம்' என்று எழுதியிருந்தது. சாயங்காலத்துக்குள் என் கடைக்கு வந்த ஆறேழு பேர் என்னிடமே அதைக் காட்டினார்கள். இத்தனை மனுவுக்கு வராத ஜீப் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து நின்றது.

நான் அப்போது உடுப்புக்குள் இருந்தேன். முதலாளியின் காரை நண்டு மறிக்கிற காட்சி. ஜீப்பைப் பார்த்ததும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது சந்தோஷத்தில்தான். வந்துவிட்டார்கள், கடைசியில் வந்துவிட்டார்கள் என்று நண்டுத் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரப்பில் ஓடினேன்.

கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர், டிரைவர், கண்ணாடிப் புட்டிகள் அடுக்கிய ஒரு பெட்டி. அதிகாரியின் கையில் என் மனுக்கள் மொத்தமும் ஒரு கட்டாக இருந்தன. அவற்றை யாரோ ஒருவர் பத்திரமாக வைத்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இங்க மனு குடுத்தவர் யாரு?"

"நான்தாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கொடுக்கைப் பார்த்தார். "நீங்க?"

"மனுதாரருங்க."

டிரைவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. நல்ல மனிதர். வெயிலில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நான்காம் பாத்தியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒரு புட்டியை எடுத்தார்.

"சார், இதுல எடுக்காதீங்க சார். இது ஷூட்டிங்குக்குக் கலந்தது. வாய்க்கால்ல எடுங்க. குழாய் வாயில எடுங்க."

"மனுவுல எந்த இடத்தச் சோதிக்கணும்னு போட்டிருக்கீங்க?"

"நாலாம் பாத்திங்க."

"இது எத்தனாவது பாத்தி?"

அவர் கையிலிருந்த மனுக் கட்டைப் புரட்டினார்.

"எல்லா மனுவுலயும் அதான் இருக்குது. நல்லா கொட்ட எழுத்துல போட்டிருக்கீங்க. எனக்கு ஆர்டர் இந்தப் பாத்திக்குத்தான் குடுத்திருக்காங்க. வேற எடத்துல எடுத்தா அது செல்லாதுங்க."

அக்கா ஓடி வந்தாள். "ஐயா, ஒரு எட்டு வந்து வாய்க்காலப் பாருங்கய்யா. என் காலப் பாருங்கய்யா" என்று புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அவர் பார்த்தார். முகத்தைச் சுளிக்காமல் பார்த்தார். வாய்க்கால்வரை எங்களோடு நடந்தும் வந்தார். ஆனால் மெயின் ரோட்டிலிருந்து எங்கள் அளத்துக்கு வருகிற வழி அந்த இறால் குட்டைகளைத் தாண்டித்தான் வருகிறது. ஜீப்பைக் குட்டைக்காரர்கள் எங்களுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். குழாய் வாய் காய்ந்து கிடந்தது. கடல் ஏற்றத் தண்ணீர் வந்து வாய்க்கால் அன்றைக்குப் பார்த்துத் தெளிவாக ஓடியது. அதிகாரி குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"இதுல ஒண்ணும் தெரியலயேம்மா. அதுவும் இந்த வாய்க்கா எங்க டிபார்ட்மென்ட்ல வராது. தனியா எழுதிக் குடுங்க."

திரும்பி வந்து நான்காம் பாத்தியிலிருந்து இரண்டு புட்டிகளை நிரப்பினார். மூடிக்கு மேலேயும் நுரை வழிந்தது. மனுதாரர் முன்னிலையில் எடுத்ததாக ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். கொடுக்குக்குள்ளிருந்து என் கையை வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. போட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போடாவிட்டால் மனுதாரர் ஒத்துழைக்கவில்லை என்று எழுத வேண்டிவரும் என்றார். போட்டேன். தாளில் என் கட்டைவிரல் பட்ட இடம் பச்சையாக இருந்தது.

ஆடி மாதத்தில் பதில் வந்தது. என் மனுக்களுக்கு வந்த முதல் பதில். அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். நுரைக்கும் நிறத்துக்கும் காரணம் சலவைத் தூளும் சாயமும்தான், அவை மனுதாரரின் ஒப்புதலோடு படப்பிடிப்புக்காகக் கலக்கப்பட்டவை, ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறது, இனிமேல் இப்படி மாசுபடுத்தினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது.

"கடைசில இருக்கறத இன்னொரு வாட்டி படி" என்றாள் அக்கா.

படித்தேன்.

"யாரு மேல நடவடிக்கை?"

"என் மேலக்கா."

அவள் தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். பிறகு, "உன் ஆட்டத்துக்கு என் பாத்திதான் கெடைச்சுதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். நாலு நாள் நான் அளத்துப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் அவளே கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நான்தானேடா அந்தப் பாத்தியக் குடுத்தேன். நல்ல பாத்தியக் குடுத்திருந்தா நஷ்டம் ஒரு வருஷத்து உப்போட போயிருக்கும்" என்றாள். அவள் என்னைத் திட்டியபோது இவ்வளவு வலிக்கவில்லை.

வாய்க்காலுக்குத் தனியாக மனு எழுதினேன். அது எங்கள் வேலை இல்லை என்று ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பியது. அந்த அலுவலகம், இதே இடத்தை ஏற்கெனவே சோதித்து முடித்துவைத்திருக்கிறார்கள் என்று பழைய பதிலை இணைத்து எனக்கே திருப்பி அனுப்பியது. திண்டிவனம், விழுப்புரம் என்று கடையைப் பூட்டிக்கொண்டு அலைந்தேன். ஒருநாள் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அதே கண்ணாடி போட்ட அதிகாரியைப் பார்த்தேன். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தது. "எனக்குத் தெரியாம இல்லீங்க. அந்தம்மா காலப் பாத்தேனே. ஆனா புட்டியில இன்னா இருந்துதோ அதைத்தானே நான் எழுத முடியும்?" என்றார். அவர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அவருடைய பஸ் முதலில் வந்தது.

கார்த்திகையில் படம் வெளியானது. தியேட்டருக்கு வரவில்லை, செல்போனில்தான். டைரக்டர் போன் செய்து லிங்க் அனுப்பினார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். பலமுறை மன்னிப்புக் கேட்டார், எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்கிறேன் என்றார். எந்த அலுவலகத்திலும் அவருடைய சாட்சியைக் கேட்பார் இல்லை. நன்றி அட்டையில் உங்கள் பிரச்சினையைப் பற்றி இரண்டு வரி போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். படத்தை வாங்கியவர்கள் அதை நீக்கச் சொல்லிவிட்டார்களாம்.

ஒரு சாயங்காலம் அக்கா வீட்டில் கதவில் போனைச் சாய்த்து வைத்து நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். நான், என் மனைவி, அக்கா. முதலில் ஒரு எச்சரிக்கை வந்தது. இதில் வரும் இடங்களும் சம்பவங்களும் கற்பனையே என்று இருந்தது. பிறகு எங்கள் நான்காம் பாத்தி வந்தது. படம் ஒன்றும் மோசமில்லை. நண்டு நடக்கிற நடையைப் பலரும் புகழ்ந்து கீழே எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும், மீன்களைப் பார்த்தால் பிளாஸ்டிக் என்று நன்றாகத் தெரிகிறது, அதில் கொஞ்சம் கவனம் வைத்திருக்கலாம் என்று எழுதியிருந்தார். அது பிளாஸ்டிக் இல்லை என்று பதில் போட ஆரம்பித்து, பாதியில் அழித்துவிட்டேன். கடைசியில் நண்டு முதலாளியைத் தின்றது. போலீஸ் நண்டைச் சுட்டது. ஒரு பெரிய அதிகாரி வந்து குழாயில் இருந்த சக்கரத்தைத் திருப்பினார், கழிவு நின்றது.

"எவ்ளோ சுளுவா மூடுறான் பாரு" என்றாள் அக்கா. என் மனைவி எழுந்து போய் டீ போட்டாள்.

தை பிறந்தது. மூன்று பாத்திகளையும் மிதித்தோம். அக்கா, நான், கூலிக்கு வந்த நாலு பெண்கள். இரண்டு வாரம் மிதித்ததில் தரை இறுகிப் பளபளத்தது, அவ்வளவு நல்ல மிதிப்பு சமீபத்தில் அமைந்ததில்லை என்று வந்தவர்களே சொன்னார்கள். மிதித்து முடித்த பாத்திக்கு இரண்டு மூன்று நாளில் தண்ணீர் காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் வெயிலில் வெடித்துப்போகும், பட்ட பாடெல்லாம் வீண்.

அந்த வாரம் பார்த்து மேலே குட்டைகளைக் காலி செய்தார்கள். ஒன்றையல்ல, எல்லாவற்றையும். மதகுக்கு வெளியே வாய்க்கால் கலங்கிய பழுப்பாக நின்றது, கரையோரம் நுரை ஒதுங்கியிருந்தது. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு பலகையில் வந்து முட்டின. கடல் ஏற்றம் வந்து அடித்துக்கொண்டு போகட்டும் என்று காத்திருந்தோம். ஏற்றம் வந்தது, நாற்றம் போகவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுப் போன அதிகாரியின் கை என் நினைவுக்கு வந்தது. இன்றைக்கு வந்து முகர்ந்தால் தெரியும். அவருடைய ஆபீசுக்குப் போன் செய்தேன். அவர் மாற்றலாகிப் போன இடத்துக்குப் பதிலாக இன்னும் வேறு ஆள் போடவில்லை என்றார்கள்.

நான்காம் நாள் காலை இரண்டாம் பாத்தியின் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு விட்டிருந்தது. அக்கா அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மதகுக்குப் போய் வாய்க்கால் தண்ணீரை ஒரு கை அள்ளினாள். அவள் முகர்ந்துவிட்டு என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"நீயே சொல்லு. தொறக்கட்டுமா, வேணாமா?"

திறந்தால் இந்த மூன்றும் நான்காவதைப் போல ஆகலாம். திறக்காவிட்டால் இந்த வருஷம் உப்பே இல்லை. கிணறு வைத்திருப்பவர்களிடம் தண்ணீர் கேட்டுப் பார்த்தாயிற்று, அவர்களுக்கே போதவில்லை. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவன், எதை எங்கே எப்படி எழுத வேண்டும் என்று தெரிந்தவன், என் அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றேன்.

"சொல்லுடா" என்றாள்.

"தெரியலக்கா."

அவள் கையிலிருந்த தண்ணீரை உதறினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதகுப் பலகையைப் பிடித்துத் தூக்கினாள். மழைக்காலம் முழுக்க ஊறியதில் பலகை உப்பிப் போய் இறுகியிருந்தது. இரண்டு முறை இழுத்தாள், அசையவில்லை. மூன்றாம் முறை அவள் கை வழுக்கியபோது என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இறங்கிப் போய் அவளோடு சேர்ந்து பிடித்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

தண்ணீர் பாத்திக்குள் ஓடியது. நாங்கள் மிதித்து இறுக்கிய தரையில் முன்னால் நுரையும் பின்னால் பழுப்புமாகப் பரவியது. அது முதல் பாத்தியை நிறைத்து இரண்டாவதற்குள் திரும்புகிறவரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே மனு எழுதுனா எந்தப் பாத்தின்னு தனியா போட வேணாம்" என்றாள்.

சொல்லிவிட்டு, தண்ணீரை மூலைக்கு மூலை ஒதுக்கிவிட உள்ளே இறங்கினாள். ஆறியிருந்த கணுக்கால் வரைக்கும் தண்ணீர் ஏறியது. நான் பலகையைக் கரையில் வைத்துவிட்டு அவள் பின்னால் இறங்கினேன்.